உடைக்காமல் விட்ட பீங்கான் – அத்தியாயம் ஒன்பது

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, சின்னதுரை தன் மனைவியின் சாப்பாட்டுப் பைக்குள் எதையோ திணித்துக்கொண்டிருந்தார். ஊறுகாய்ப் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். மணிமொழியும் அப்படித்தான் நினைத்தாள்.

பை கனத்தது. கையை விட்டு எடுத்துப் பார்த்தாள். முட்டை.

கோழி முட்டை இல்லை, பீங்கான் முட்டை. கரண்ட் கம்பம் சாயாமல் இருக்கத் தரையோடு இழுத்துக் கட்டியிருப்பார்களே ஸ்டே கம்பி, அதன் நடுவில் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் காப்பி நிறத்தில் ஒன்று இருக்கும். மேலே கம்பியில் தப்பித் தவறிக் கரண்ட் பாய்ந்தாலும் கீழே இறங்கவிடாமல் மறிப்பது அதன் வேலை. வாழ்நாள் முழுக்க அதற்கு அந்த ஒரு வேலைதான். நாற்பது நாளைக்கு முன்னால் அந்த வேலையை இந்த முட்டை செய்யவில்லை.

எறையூரில் மணிமொழியின் அண்ணன் அமிர்தலிங்கத்துக்குக் கரும்புக் கொல்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு லைன் இழுக்க இரும்புக் கம்பம் நட்டுக் கொடுத்தவர் வயர்மேன் சின்னதுரைதான். ஐப்பசி மழையில் தென்னை மட்டை விழுந்து, வயரின் தோல் உரிந்து, ஸ்டே கம்பியில் உராய்ந்திருக்கிறது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த அண்ணி புஷ்பவல்லி சேற்றில் வழுக்கினாள். விழாமல் இருக்க அவள் எட்டிப் பிடித்தது அந்தக் கம்பியை. உயிர் தப்பியது குலதெய்வத்தின் புண்ணியம். வலது கையில் இரண்டு விரல்களைத் திருச்சி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அமிர்தலிங்கம் மாப்பிள்ளையின் முகத்தில் விழிக்கவில்லை. சின்னதுரையும் தன் முகத்தில் தானே விழிக்கப் பிடிக்காதவராக, தாடியும் மீசையுமாகக் கிடந்தார். டூல்ஸ் பையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்கு மெயினை அணைத்துவிட்டு மூன்று தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை கை நடுங்கியது.

"இத எதுக்குங்க என் பையில வக்கிறீங்க?" என்றாள் மணிமொழி.

"மின் ஆய்வாளர் ஆபீஸ்ல கேட்டாங்க. இன்சுலேட்டரு நல்லா இருந்துச்சா இல்லியான்னு டெஸ்ட் பண்ணி எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வேற எங்கியோ போயி நிக்கறதுக்கு, நீயே அந்த வேலைதான பாக்கற?"

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா என்னா, சொல்லாட்டி என்னா. அதுல ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும் மணி. நீ பாத்துக் குடுத்த முட்டை. அவங்ககிட்டயும் அதத்தான் சொன்னேன். சும்மா ஒரு பேப்பருக்காக." அவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். "நல்லா இருக்குன்னு நீ எழுதிக் குடுத்துட்டேன்னா தப்பு என் கைதான்னு ஆயிடும். வியாழக்கிழமை லைசென்ஸ ஒப்படைச்சுட்டு வந்துர்றேன். புஷ்பவல்லி அக்காவோட கை அப்புடி ஆனப்புறம் எனக்கு எதுக்கு லைசென்ஸு?"

குன்னம் முக்கில் பீங்கான் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மணிமொழி ஓடினாள். நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் ஒரு நிமிஷம் நிற்கும் என்பது பதினெட்டு வருஷமாக அதில் போகிறவளுக்குத் தெரியாதா? ஓடுவது சுலபமாக இருந்தது, அதனால் ஓடினாள்.

அரியலூர் வரைக்கும் சிமெண்டு லாரிகளின் பின்னால் பஸ் ஊர்ந்தது. மடியில் பை. அதற்குள் முட்டை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மணிமொழிக்கு வழி முழுக்கப் பயம்தான்.

ஏனென்றால், அந்த முட்டை நல்ல முட்டை இல்லை என்பது அவளுக்கு டெஸ்ட் பண்ணாமலே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழியில் சூளையிலிருந்து இறங்கிய லாட் அது. பார்வைக்கு ஒரு குறை கிடையாது. மெருகு வழவழவென்று இருந்தது, தட்டினால் கணீரென்றது. ஆனால் சாயச் சோதனையில் தோற்றுப் போனது. உள்ளே சரியாக வேகவில்லை. தோற்ற லாட்டை ஒன்று விடாமல் சுத்தியலால் உடைத்துத்தான் குவியலில் கொட்ட வேண்டும், முழுசாக ஒன்றுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சுத்தியலைப் பிடித்தவள் மணிமொழி.

அந்த வாரம்தான் அண்ணன் கொல்லையில் கம்பம் நடும் வேலை. ஸ்டோரில் முறைப்படி கேட்டால் மேனேஜர் கையெழுத்துக்குப் பத்து நாளாகும். பொங்கலுக்குள் லைட் எரிய வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். அவள் கையில் வழவழவென்று ஒரு முட்டை. மெருகு நன்றாகத்தானே இருக்கிறது, தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று மனசு வக்காலத்து வாங்கியது. இருபத்து மூன்று வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் பிறந்த வீட்டிலிருந்து சீர் வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். தன் கைப்பட ஒன்றைக் கொண்டுபோய் அங்கே கொடுத்ததே இல்லை. 'எங்க கம்பெனி ஐட்டம் அண்ணே, நானே பாத்து எடுத்தது' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த அற்ப ஆசைக்கு முட்டையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். புருஷனிடம் ஸ்டோரில் வாங்கியது என்றாள்.

சொன்னால் வேலை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அண்ணியின் விரல்களைத் தின்றவள் நான்தான் என்று அண்ணன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லாமலிருந்தால் இந்த மனுஷன் செய்யாத தப்பைத் தலையில் சுமந்துகொண்டு சாகிற வரைக்கும் டெஸ்டரைப் பார்த்து நடுங்குவார். நாற்பது நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் ஊசலாடிக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்பது நாளும் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறாள் என்பதை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

டெஸ்டிங் ரூமில் பரிமளா முந்தியே வந்திருந்தாள். மணிமொழியைவிடப் பத்து வயது சின்னவள். வாய் ஓயாது.

"என்னக்கா, மொகம் வெளுத்துப் போயி கெடக்கு. சாப்டியா இல்லியா?"

"சாப்டேன். வெளியேருந்து ஒரு பீஸு வந்திருக்கு. சாயத்துல போடணும்."

முட்டையைத் துணியில் சுற்றி வைத்துச் சுத்தியலை ஓங்கினாள். ஒரே அடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்திருக்க வேண்டிய அடி. கம்பி பதிந்திருந்த பள்ளத்தில் மெருகு தேய்ந்து மண் நிறமாக இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். தண்ணீர் உள்ளே போன வாசல் அதுதான்.

உடைத்த சில்லுகளைச் சிவப்புச் சாயத்தில் போட்டு, இரும்புப் பாத்திரத்தை இறுக மூடி, அழுத்தம் ஏற்றி மணிக்கணக்கில் வைப்பார்கள். நன்றாக வெந்த பீங்கான் சாயத்தை உள்ளே விடாது. துடைத்துவிட்டு மறுபடி உடைத்தால் உள்ளே பால் வெள்ளையாக இருக்கும். வேகாத பீங்கான் சாயத்தைக் குடித்துவிடும்.

பரிமளா டீ குடிக்கப் போனாள். மணிமொழி தனியாக நின்றாள். மேஜைமேல் நேற்றுச் சோதித்த நல்ல லாட்டின் சில்லுகள் கிடந்தன, எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம். அதில் இரண்டை எடுத்துப் போட்டால் சாயங்காலம் வெள்ளை வெளேரென்று வரும். 'முட்டை நல்லாத்தான் இருந்துச்சுங்க' என்று சொல்லிவிடலாம். கதை அத்தோடு முடியும், அவளுக்கு மட்டும்.

ஒரு சில்லைக் கையில் எடுக்கவும் செய்தாள். உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. எடுத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு, குனிந்து செருப்பைத் தேடுவது போல முகத்தை மறைத்துக்கொண்ட மனுஷனின் பிடரி ஞாபகம் வந்தது. நரைத்துப் போன பிடரி. சில்லை மேஜையிலேயே போட்டுவிட்டு, அண்ணன் வீட்டு முட்டையின் சில்லுகளையே பாத்திரத்துக்குள் போட்டு மூடினாள்.

மூன்றரை மணிக்குத் திறந்தாள். சில்லைத் துடைத்தாள், உடைத்தாள். விளிம்பிலிருந்து நடுவரை ரோஜா நிறம்.

"ஆத்தி, உள்ளார வரைக்கும் குடிச்சிருக்கே," என்று தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் பரிமளா. பாதி முட்டையின் அடியில் பொறித்திருந்த லாட் எண்ணைத் திருப்பிப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள். பரிமளா பேச்சை நிறுத்துவது அபூர்வம்.

"அக்கா. இது நாம ஒடைச்ச லாட்டுல்ல?"

மணிமொழி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாயம் போகவில்லை.

"எல்லாத்தையும் ஒடைச்சாச்சுன்னு நீ எழுதுன, சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். நான் நின்னு பாக்கலக்கா. நீ சொன்னேன்னு போட்டேன்." குரல் இறங்கியிருந்தது. "இது எப்புடி வெளிய போச்சு?"

"பாத்துக்கறேன் பரிமளா. உன்ன வுட்டுட மாட்டேன்," என்றாள். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று சொன்னவளுக்கே தெரியவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சின்னதுரை காத்திருந்தார். ரிசல்ட்டைக் கேட்டுக்கொண்டு அப்படியே எறையூர் போய் மச்சானிடம் நேரில் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"முட்டையிலதாங்க தப்பு," என்றாள் மணிமொழி. "உள்ள வேகல. கரண்ட வுட்டுருச்சு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். துறையூர் பஸ் ஒன்று பின்னால் நகர்ந்தது, கண்டக்டர் கத்தினார், பூக்காரி தண்ணீர் தெளித்தாள். இவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"என் கை இல்லல்ல மணி?"

"இல்லங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க."

மிச்சத்தையும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் எழுந்து போய்விட்டார், புஷ்பவல்லி அக்காவுக்கு ஆரஞ்சு வாங்க. திரும்பி வந்தபோது பத்து வயது குறைந்தவராக இருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். கம்பெனியைச் சும்மா விடக்கூடாது, வியாழக்கிழமை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், எவன் கை வழியாக இது வெளியே வந்தது என்று கேட்க வேண்டும். மணிமொழி உள்ளங்கைச் சிவப்பைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். பாதி உண்மை சொன்னவளின் கதி முழுப்பொய் சொன்னவளின் கதியைவிட மோசம் என்பது அவளுக்கு வேப்பந்தட்டை தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது.

எறையூரில் அமிர்தலிங்கம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"மச்சான், ஒரு நிமிஷம் நில்லுங்க. டெஸ்ட் பண்ணியாச்சு. இங்க பாருங்க." சின்னதுரை பையிலிருந்து ரோஜா நிறச் சில்லை எடுத்து நீட்டினார். "வெள்ளையா இருக்க வேண்டியது. பீங்கான்லதான் கோளாறு. நான் கட்டுனதுல இல்ல."

அமிர்தலிங்கம் சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"மாப்ள," என்றார். நாற்பது நாளில் முதல் வார்த்தை. சின்னதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தரத்துல ஆஸ்பத்திரியில அத்தன பேரு முன்னாடி உங்களப் பேசிப்புட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க பேசாம யாரு பேசறது மச்சான்."

புஷ்பவல்லி இடது கையால் ஒவ்வொரு டம்ளராகக் கொண்டு வந்து காப்பி வைத்தாள். நாலு டம்ளருக்கு நாலு நடை. வலது கை கட்டோடு மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மணிமொழி எழுந்து வாங்கப் போனாள். "ஒக்காரு மணி, பழகிக்கணும்ல," என்றாள் அண்ணி. குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் தேவலை.

அமிர்தலிங்கம் சில்லைக் கட்டில்மேல் வைத்தார். "இத நல்லாருக்குன்னு சொல்லி வெளிய அனுப்புனவன் எவன்? அவன் வூட்டுப் பொம்பளைக்கு இப்புடி ஆயிருந்தா தெரியும் அவனுக்கு. வியாழக்கிழமை நானும் வர்றேன் மாப்ள. அவன் பேர எழுதி வாங்காம வுடறதில்ல."

"எழுதி வாங்குவோம் மச்சான். ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கும்."

ரிஜிஸ்டரில் பரிமளாவின் கையெழுத்து இருக்கிறது. மணிமொழி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அண்ணே."

"என்னா நீதான்?"

"அனுப்புனது. அனுப்பல, எடுத்துட்டு வந்தேன். ஸ்டோர்ல வாங்கல. ஒடைக்கச் சொல்லிக் குடுத்த லாட்டுலேருந்து ஒண்ண எடுத்து மறைச்சு வச்சுக் கொண்டாந்தேன். சாயத்துல தோத்துப் போன லாட்டுன்னு தெரியும். மேல நல்லாருக்கே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுட்டேன்."

சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று வாசலைக் கடந்து போனது.

அமிர்தலிங்கம் எழுந்தார். தங்கையைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் இறங்கிப் போனார். திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"தெரிஞ்சா குடுத்த?" என்றாள் புஷ்பவல்லி.

"தோத்ததுன்னு தெரியும் அண்ணி. இப்புடி ஆகும்னு தெரியாது."

அண்ணி தன் கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தரையிலிருந்த டம்ளர்களைக் கண்ணால் காட்டினாள்.

"அதெல்லாம் எடுத்துட்டுப் போயி கழுவி வையி. எனக்கு ஒத்தக் கையில வெளக்க வரல."

மன்னிப்பா, தண்டனையா, வெறும் வேலையா என்று மணிமொழிக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. நாலு டம்ளரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். தேய்த்த டம்ளரையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

சின்னதுரை பின்னால் வந்து நின்றார்.

"நாப்பது நாளு," என்றார். கத்தவில்லை. "நாப்பது நாளு ராத்திரியில நான் தூங்காம பொரண்டுகிட்டு கெடந்தேன். நீ பக்கத்துலதான் படுத்திருந்த. என்னங்க, தண்ணி வேணுமான்னு கேட்ட. முட்டையப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

"சொல்ல வாய் வரலங்க."

"காலையில அத டெஸ்ட் பண்ணச் சொல்லி உன் கையிலயே குடுக்கறேன் பாரு. என்ன மாதிரி ஒரு மடையன் உண்டா?"

அவள் காலில் விழலாமா என்று யோசித்தாள். குழாயடி ஈரத்தில் விழுவதும் எழுவதும் நாடகம் போல இருக்கும் என்று தோன்றியது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

சின்னதுரை திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்தவர் நின்றார். அவர் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருஷமாகக் கம்பம் ஏறுகிற மனுஷனின் புத்தி கோபத்தைத் தாண்டி வேறு எங்கேயோ போய்விட்டது.

"மணி. நீ எடுத்தது ஒண்ணு. மிச்சத்தையெல்லாம் நீயே ஒடைச்சியா?"

இப்படி ஒரு கேள்வியை அவள் தன்னிடம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலத்தை இப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். பாதிக்கு மேல் உடைத்திருப்பாள், தோள்பட்டை விட்டுப் போயிருந்தது. ஷிப்ட் முடிகிற மணி அடித்தது. குவியல் அள்ள வந்த கான்ட்ராக்ட் ஆட்களிடம் சுத்தியலைக் கொடுத்து, 'மிச்சத்த ஒடைச்சுப் போட்ருங்கண்ணே' என்று சொல்லிவிட்டு, எல்லாம் உடைத்தாயிற்று என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, பையில் முட்டையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மறுநாள் காலையில் குவியல் இருந்த இடம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அதை அப்படியே அவரிடம் சொன்னாள்.

"எத்தன இருக்கும்?" என்றார் சின்னதுரை.

"நூத்துக்கு மேல இருக்கும்ங்க."

"ஒடைச்சாங்களா, முழுசா வித்தாங்களா?"

"தெரியலங்க."

"முழுசா வித்திருந்தா என்ன மாதிரி வயர்மேன் கைக்குத்தான் வந்திருக்கும். நானே இன்னும் எத்தன எடத்துல கட்டியிருக்கேனோ."

அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். மணிமொழி ஈரக் கையோடு பின்னால் ஓடினாள். தெருமுனையில் யாரோ ஒருவரின் கொட்டகைக்கு லைன் போகிற இரும்புக் கம்பம், அதற்கும் ஸ்டே கம்பி, நடுவில் காப்பி நிற முட்டை. கம்பியில் யாரோ ஆட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

சின்னதுரை சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தார். எரியவில்லை. கை நடுங்குகிறதா என்று மணிமொழி பார்த்தாள். நடுங்கவில்லை. ஆட்டின் கயிற்றை அவிழ்த்து எதிர்வீட்டு வேலியில் கட்டினார்.

"நாளைக்கு அந்த ரிஜிஸ்டரையும் லாட் நம்பரையும் எனக்குக் கொண்டா," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "வேல போனாலும் சரி. ஆபீஸ்ல என்னா சொல்றது, உன்ன என்னா செய்யறதுங்கறதெல்லாம் அப்பறம்."

"சரிங்க," என்றாள்.

அவர் அடுத்த கம்பத்தை நோக்கி நடந்தார். அந்தத் தெருவில் அப்படி இன்னும் ஏழு இருந்தன.